நியாய மந்திரிக்குக் கிடைத்த நியாயம்

1938-ஆம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி மாஸ்கோ நகரில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. விசாரித்தது ஸோவியத் யூனியன் சுப்ரீம் கோர்ட்டின் ராணுவப் பிரிவு. எதிரியின் தரப்பில் பேச வக்கீல் இல்லை, சாட்சிகள் அழைக்கப்படவில்லை, தீர்ப்பின்மேல் அப்பீல் செய்துகொள்ள இடமும் இல்லை. தொடக்கம் முதல் தீர்ப்பு வரை சென்ற நேரம் 20 நிமிஷம். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அன்றே நிறைவேறியும் விட்டது. அவ்வாண்டுகளில் ருஷ்யாவில் இவ்விதம் மாண்டவர்கள் பல்லாயிரவர். ஆயினும் இந்த வழக்குக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. அன்று எதிரியாக நின்றவர், ஆறு மாதங்களுக்கு முன்புவரை அதே தேசத்தின் நியாய மந்திரி.

நிக்கொலாய் கிரிலெங்கோ என்பது அவர் பெயர். லெனின், டிராட்ஸ்கி, ஸ்டாலின் என்ற பெயர்களை அறிந்த அளவு நம் வாசகர்கள் இப்பெயரை அறிந்திருக்க மாட்டார்கள். எனினும் தேசசேவையில் இறங்கியவர்களும், இறங்க எண்ணுபவர்களும் அறிய வேண்டிய பாடம் ஒன்று இவருடைய சரித்திரத்தில் அடங்கிக் கிடக்கிறது என்பது நமது அபிப்பிராயம். ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்கத் துணிகிறோம்.

கிரிலெங்கோ 1885-ல் ஸ்மோலென்ஸ்க் மாகாணத்தில் பிறந்தார். தந்தை ஜாராட்சிக்கு விரோதி. மகனும் அவ்வழியே சென்றார். பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் சரித்திரமும் இலக்கியமும் பயிலச் சென்றவர், 1904-ல் போல்ஷ்விக் கட்சியில் சேர்ந்தார். 1905-ஆம் வருஷப் புரட்சியில் மாணவர்களுக்குத் தலைவராக விளங்கினார். பலமுறை கைதானார், தலைமறைவாக வாழ்ந்தார், லெனினுக்கு நெருங்கிய ஊழியரானார், இடையில் சட்டமும் கற்றுத் தேறினார். முதல் உலக யுத்தத்தில் அவரை ராணுவத்தில் சேர்த்து, உத்தியோகஸ்தர் வரிசையில் கடைசிப் படியாகிய என்ஸைன் பதவியை அளித்தார்கள்.

1917 நவம்பரில் அதிகாரம் போல்ஷ்விக்குகளின் கைக்கு வந்தது. ராணுவ, கடற்படைக் காரியங்கள் மூவரிடம் ஒப்புவிக்கப்பட்டன. அந்தோனோவ், டிபெங்கோ, கிரிலெங்கோ என்போர் அம்மூவர். ஜெர்மனியுடன் யுத்த நிறுத்தம் பேசுமாறு புதிய ஸர்க்கார் இட்ட கட்டளையைப் பிரதம சேனாதிபதி துகோனின் ஏற்க மறுத்தார். லெனின் அவரை நீக்கிவிட்டு, அந்த ஸ்தானத்தில் என்ஸைன் கிரிலெங்கோவை நியமித்தார். 32 வயதில் ஒரு சிற்றதிகாரி ஒரு பெரும் சாம்ராஜ்யத்தின் படைகளுக்கெல்லாம் தலைவரானார்!

தலைமை ஸ்தானத்தை ஒப்புக்கொள்ளப் புதிய சேனாதிபதி மொகிலேவ் நகரத்தில் ரெயிலில் வந்திறங்கிய அன்றே, கைதியாயிருந்த துகோனினை மாலுமிக் கூட்டம் ஒன்று கொன்று போட்டது. கிரிலெங்கோ அதனைத் தடுக்க முயன்றார் என்றே சொல்கிறார்கள், முடியவில்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் ஒரு கைதியின் உயிர் எவ்வளவு லேசானது என்பதை அவர் அன்று கண்ணாரக் கண்டார். கண்டும் கற்றாரில்லை.

1918-ல் சேனாதிபதிப் பதவி நீங்கி, புரட்சி நீதிமன்றங்களில் ஸர்க்கார் தரப்பு வக்கீலாக அமர்ந்தார். இந்நீதிமன்றங்கள் தோன்றிய வரலாற்றைச் சிறிது கவனிக்க வேண்டும். ஜார் மன்னர்களின் ஆட்சி கொடுங்கோலாட்சி என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. எனினும் 1864-ல் நடந்த நீதி இலாகாச் சீர்திருத்தத்தால் அந்நாட்டில் ஜூரி விசாரணையும், சுதந்திரமான வக்கீல் சங்கமும் ஏற்பட்டிருந்தன. பீட்டர்ஸ்பர்க் நகர அதிபர் டிரெப்போவைத் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்திய வேரா ஸாஸுலிச் என்ற பெண்ணை, 1878-ல் ஜூரிகள் குற்றவாளியல்லவென்று கூறி விடுவித்தார்கள். பிற்பாடு அத்தகைய வழக்குகளை ஸர்க்கார் ஜூரிகளிடமிருந்து பறித்துக்கொண்டது உண்மையே. ஆயினும் அரசாங்கத்தின் விருப்பத்துக்கு மாறாக ஒரு கோர்ட்டு தீர்ப்புச் சொல்லலாம் என்ற எண்ணம் அந்த மண்ணில் வேரூன்றத் தொடங்கியிருந்தது.

அந்த வேரைத்தான் புரட்சி ஸர்க்கார் முதலில் பிடுங்கி எறிந்தது. 1917 டிஸம்பரில் வெளிவந்த ஓர் ஆக்ஞை பழைய கோர்ட்டுகளையும் வக்கீல் சங்கத்தையும் ஒருங்கே ஒழித்தது. பழைய சட்டங்கள் புரட்சியின் மனச்சாட்சிக்கு ஒத்த அளவில்தான் செல்லும் என்று ஏற்பட்டது. மனச்சாட்சி என்பது நல்ல வார்த்தை. ஆனால் யாருடைய மனச்சாட்சி என்று கேட்கத் தொடங்கினால், அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ அவருடையது என்ற விடையைத் தவிர வேறு விடை இல்லை.

இந்த ஏற்பாட்டைக் கிரிலெங்கோ மனப்பூர்வமாக ஏற்றார். கோர்ட்டு என்பது ஒரு வர்க்கம் மற்றொரு வர்க்கத்தை அடக்குவதற்குக் கொண்ட ஆயுதமே. விதிமுறைகள், வாய்தாக்கள், சாட்சிய நுணுக்கங்கள் ஆகியவை பணக்காரர்களின் ஏமாற்று வித்தை என்பது அவர் கொள்கை. பிற்காலத்தில், இன்ன குற்றத்துக்கு இத்தனை வருஷம் என்று தண்டனையை வரையறுப்பதுகூட வேண்டாம் என்று ஒரு கிரிமினல் சட்ட நகலையே தயாரிக்கும் அளவுக்கு அக்கொள்கை அவரை இழுத்துச் சென்றது.

கொள்கை நடைமுறையில் எப்படியிருந்தது? 1918-ஆம் வருஷ வழக்கு ஒன்றைக் கூறுவோம். பால்டிக் கடற்படை ஜெர்மானியர் கையில் சிக்காதபடி, உறைந்த கடலின் பனிக்கட்டிகளைப் பிளந்துகொண்டு ஹெல்ஸிங்கியிலிருந்து கிரான்ஸ்டாட் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்த்தவர் ஷாஸ்ட்னி என்ற தளகர்த்தர். அவ்வருஷமே அவர் மீது எதிர்ப்புரட்சிக் குற்றம் சாட்டப்பட்டது. சாட்சி சொன்னவர் டிராட்ஸ்கி ஒருவரே. ஸர்க்கார் தரப்பில் வாதித்தவர் கிரிலெங்கோ. புரட்சி ஸர்க்கார் மரண தண்டனையை 1917-லேயே ரத்து செய்திருந்தது. அப்படியிருக்க மரணம் எப்படி விதிக்கலாம் என்ற கேள்வி எழுந்தபோது, ஷாஸ்ட்னிக்கு மரண தண்டனை விதிக்கப்படவில்லை, சுடும்படி மட்டுமே உத்தரவாகியிருக்கிறது என்று கிரிலெங்கோ சமாதானம் சொன்னார் என்பர். ஜூன் 22-ந் தேதி ஷாஸ்ட்னி சுடப்பட்டார். வக்கீல் தொழிலில் சொற்சாதுரியத்துக்கு இடமுண்டு என்பதை நாம் அறிவோம். ஒரு மனிதன் உயிரை இப்படிச் சொல்லை மாற்றிப் போக்கும் சாதுரியத்தை எந்தத் தொழிலும் தாங்காது.

1922-ல் ஸோஷலிஸ்ட் ரெவல்யூஷனரி கட்சித் தலைவர்கள் மீது பெரிய வழக்கு நடந்தது. அவர்கள் ஜாராட்சியில் சிறையும் வனவாசமும் கண்டவர்கள்; கிரிலெங்கோவுடன் ஒரே விரோதியை எதிர்த்து நின்றவர்கள். அவர்களுக்காக வாதிக்க பெல்ஜிய தேசத்துத் தலைவரும் வக்கீலுமான வாண்டர்வெல்டே முதலியோர் மாஸ்கோ வந்தார்கள். ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் மீறப்படுவது கண்டு, வழக்கினின்றும் விலகித் திரும்பினார்கள். பன்னிருவருக்கு மரண தண்டனை விதித்து, அவர்களுடைய கட்சி அடங்கியிருக்கும்வரை தண்டனை நிறைவேறாது என்று நிறுத்தி வைத்தார்கள். குற்றவாளிகளைப் பணயக் கைதிகளாக்கிய தீர்ப்பு இது. இதற்குத் தலைமை வகித்த பியாடக்கோவ் என்பவர், 1937-ல் தாமே எதிரியாக நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டார் என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1928 முதல் 1931 வரை நடந்த மூன்று வழக்குகள் கிரிலெங்கோவின் பெயரை உலகெங்கும் பரப்பின. ஷாக்தி சுரங்க வழக்கில் 53 பேர் மீது நாசவேலைக் குற்றம் சாட்டப்பட்டது. 1930-ல் பேராசிரியர் ராம்ஸின் முதலிய எட்டுப் பேர் 'தொழிற் கட்சி' என்ற சதிக் கட்சியை நிறுவியதாக வழக்கு. 1931-ல் மென்ஷ்விக்குகள் 14 பேர் மீது வழக்கு. இவற்றில் பிரதான அத்தாட்சி எதிரிகளின் ஒப்புதல் வாக்குமூலமே. எந்த நிலைமையிலும் எதிரியின் ஒப்புதலே சிறந்த சான்று என்று 1930-ஆம் வருஷ வழக்கில் கிரிலெங்கோ வாதித்தார்.

அந்த ஒப்புதல்களின் லட்சணத்தைக் கேளுங்கள். வெளிநாட்டில் ரியாபுஷின்ஸ்கி என்ற முதலாளியுடன் கலந்து சதி செய்ததாக ராம்ஸின் கோஷ்டியார் ஒப்புக்கொண்டார்கள். அந்த முதலாளியோ 1924-லேயே இறந்துபோனவர். மென்ஷ்விக் தலைவர் அப்ரமோவிச் 1928-ல் ரகசியமாக ருஷ்யாவுக்கு வந்து கட்டளைகள் பிறப்பித்ததாக அடுத்த வழக்கில் வாக்குமூலம். அவ்வருஷம் அவர் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த சர்வதேச ஸோஷலிஸ்ட் மகாநாட்டில் பிரதிநிதியாக இருந்ததற்குப் புகைப்படமே சாட்சி சொல்லிற்று. இறந்தவருடன் பேசியதாகவும், இராதவரைச் சந்தித்ததாகவும் ஒருவன் ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதல் எப்படி வாங்கப்பட்டது என்று கேட்பது கற்றுக்குட்டி வக்கீலுக்கும் தோன்றும் கேள்வி. கேட்பதற்கு எதிர்த்தரப்பில் எவருக்கும் துணிவில்லை. கேட்க வேண்டிய கடமையுடைய கோர்ட்டும் கேட்கவில்லை.

இந்த மனிதர் வெறும் முரடர் என்று எண்ணிவிடக் கூடாது. மலையேறுவதில் பெரும் பிரியமுள்ளவர். 1928-ல் பாமீர் மலைகளை ஆராயச் சென்ற கூட்டத்தில் இருந்தார். சதுரங்க ஆட்டம் ருஷ்யாவில் பாமர ஜனங்களிடமும் பரவியதற்கு இவருடைய முயற்சி முக்கிய காரணம். லாஸ்கர், காப்பபிளாங்கா போன்ற மகா நிபுணர்களை வரவழைத்து 1925-ல் மாஸ்கோவில் பெரும் பந்தயம் நடத்தினார். படிப்பும் திறமையும் உழைப்பும் தியாகமும் எல்லாம் அவரிடம் இருந்தன. அதனால்தான் அவர் சரித்திரம் நம்மை அச்சுறுத்துகிறது.

1931-ல் ருஷ்யக் குடியரசுக்கும், 1936-ல் ஸோவியத் யூனியன் முழுமைக்கும் அவர் நியாய மந்திரியானார். இதனிடையே 1934 டிஸம்பர் 1-ந் தேதி, கிரோவ் கொலையுண்ட அன்றே, ஒரு சட்டம் பிறந்தது. பயங்கரச் செயல் வழக்குகளில் 10 நாளில் புலன் விசாரணை முடிய வேண்டும், குற்றப்பத்திரிகை ஒரு நாள் முன்னர்தான் எதிரிக்குக் கிடைக்கும், இரு தரப்பு வக்கீல்களும் இன்றி விசாரணை நடக்கும், அப்பீலும் கருணை மனுவும் இல்லை, தீர்ப்பானவுடன் தண்டனை. வருஷக்கணக்காகக் கிரிலெங்கோ கேலி செய்து வந்த விதிமுறைகள் எல்லாம் இப்போது உண்மையாகவே ஒழிந்தன.

1938 ஜனவரியில் புதிய சுப்ரீம் ஸோவியத் முதன்முறை கூடிற்று. அஸர்பைஜான் பிரதிநிதி பகிரோவ் எழுந்து, நியாய மந்திரி மலையேறுவதிலும் சதுரங்கத்திலும் பொழுதைக் கழிக்கிறார் என்று குற்றங்கூறினார். அம்மாதமே பதவி போயிற்று. மாதம் முடியும் தறுவாயில் கைது நேர்ந்தது. சிறையில் அவரும் ஒப்புதல் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டார். எந்த நிலைமையிலும் சிறந்தது என்று அவர் புகழ்ந்த சான்று இதுவன்றோ! மிச்சம் இருந்தது அந்த 20 நிமிஷந்தான். 1917-ல் அவருடன் ராணுவ இலாகாவை ஏற்ற டிபெங்கோவும் அதே ஜூலை 29-ந் தேதி சுடப்பட்டார். அந்தோனோவ் அவ்வருஷம் பிப்ரவரியிலேயே மாண்டிருந்தார்.

வெட்டிய குழியில் தானே விழுந்தான் என்று சொல்லிக் கதையை முடிப்பது எளிது. அதனை நாம் ஒப்பவில்லை. குழி வெட்டியவர்கள் எல்லோரும் விழவில்லை. 1928, 1930-ஆம் வருஷ வழக்குகளில் நீதிபதியாக அமர்ந்தவரும், பின்னர் 1936 முதல் 1938 வரை நடந்த மாஸ்கோ வழக்குகளில் ஸர்க்கார் தரப்பில் கர்ஜித்தவருமான விஷின்ஸ்கி, அந்நிய நாட்டு மந்திரி ஸ்தானம் வரை உயர்ந்து, 1954-ல் நியூயார்க்கில் நோயால் மாண்டார். சதிகாரரென்று தண்டிக்கப்பட்ட ராம்ஸின் 1943-ல் ஸ்டாலின் பரிசு பெற்றார். கிரிலெங்கோவைக் குறைகூறிய பகிரோவ் 1956-ல் சுடப்பட்டார். யார் வாழ்வார், யார் வீழ்வார் என்பதற்கு அங்கே ஒரு நியதியும் இல்லை. சட்டம் இல்லாத ஆட்சியின் இலக்கணமே அதுதான்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கிரிலெங்கோ பிறருக்குச் செய்தது அநியாயம் என்பதனால், அவருக்குச் செய்யப்பட்டது நியாயமாகிவிடாது. அவர் மீது சாட்டிய குற்றங்கள் பொய் என்று 1955-ல் அந்த நாட்டு ஸர்க்காரே ஏற்று, அவர் பெயரைச் சுத்தப்படுத்தியது. நல்லவன், கெட்டவன் என்று பார்த்துப் பாதுகாப்பு அளிப்பது சட்டமன்று. வெறுக்கப்படுபவனுக்கும் வக்கீல், வெறுக்கப்படுபவனுக்கும் சாட்சி, வெறுக்கப்படுபவனுக்கும் அப்பீல் என்பதே சட்டம்.

போலீஸாரிடம் கூறிய ஒப்புதலை எதிரிக்கு விரோதமாகப் பிரயோகிக்கலாகாது என்று நம் நாட்டில் 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024-ல் அதன் ஸ்தானத்தில் அமுலுக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் காத்திருக்கிறது. இது குற்றவாளிகளுக்குக் காட்டும் சலுகை என்று பொறுமையிழந்தவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கிரிலெங்கோவின் சரித்திரத்தை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

நமது லட்சியம் உயர்ந்தது, ஆதலால் நம் விரோதிகளுக்கு விசாரணை எதற்கு என்ற எண்ணம், தியாகம் செய்தவர்களின் மனத்தில்தான் எளிதில் புகும். சிறை சென்றோம், அடிபட்டோம், நம்மைவிட ஜனங்களுக்கு நன்மை நாடுபவர் யார் என்ற நினைப்பு அதற்குக் கதவைத் திறந்துவிடும். அரசியல் ஊழியர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இன்று எதிரியின் கையிலிருந்து நாம் பிடுங்க விரும்பும் பாதுகாப்பு, நாளை நமக்கே தேவைப்பட்டால் எங்கே போய்த் தேடுவோம்? மாஸ்கோவில் அந்த 20 நிமிஷத்தில் ஒரு சட்ட நிபுணர் அதனைத் தேடியிருப்பார். அது அங்கே இல்லை. இல்லாமற் செய்தவர்களில் அவரும் ஒருவர்.