பெயரும் அதன் அருகில் நிற்கும் பொருளும்

ஸ்ரீபெரும்புதூர் என்னும் ஊர்ப்பெயருக்கு இரு விளக்கங்கள் வழங்குகின்றன. புதிதாக எழுந்த குடியிருப்பு புதூர். அவற்றுள் பெரியது பெரும்புதூர். மதிப்புக் கருதி முன்னே 'ஸ்ரீ' சேர்ந்தது என்பது சொல்லின் அமைப்பிலிருந்து பெறப்படும் விளக்கம். தலபுராணமோ அவ்வூரைப் 'பூதபுரி' என்கிறது. சிவபெருமானின் சாபத்திற்கு ஆளான பூதகணங்கள் அங்குத் தவமியற்றித் திருமாலின் அருளால் சாபம் நீங்கின என்பது அதன் கதை. முதல் விளக்கம் பெயர் எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, அப்பெயரைக் கேட்டோர் எதனை நினைவுகூர்ந்தனர் என்பதைச் சொல்கிறது. பண்டைய வேதங்களில் வரும் பெயர்களை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வது நலம்.

இன்று அதே வட்டாரம் கார்களின் ஊர். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாயும், ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசானும் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றி எழுந்த ஆலைகளுக்குத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வருவோரின் அடையாள அட்டைகளில் யாகூபும் உண்டு, ஜேக்கப்பும் உண்டு. தாவூதும் உண்டு, டேவிட்டும் உண்டு. எழுத்து வேறாயினும் பெயர் ஒன்றே. எபிரேயத்தில் தோன்றி, அரபு வழியாக ஒரு வடிவமும் ஐரோப்பிய மொழிகளின் வழியாக மற்றொரு வடிவமும் பெற்று நம்மிடம் வந்தவை இவை. 'இவை யூதப் பெயர்கள்தாமே' என்று கேட்கும் இளம் பெற்றோரும் இப்போது உளர். ஆதலின், இப்பெயர்களின் பொருளையும், திருக்குர்ஆன் அவற்றைக் கையாளும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எபிரேய வேதம் பெயருக்கு வெளிப்படையாகவே காரணம் கூறும். மூஸா (அலை) அவர்களின் பெயரை, 'நீரிலிருந்து எடுத்தல்' என்னும் எபிரேய வினையோடு இணைக்கிறது யாத்திராகமம். ஆனால் பெயரிட்டவர் எகிப்திய அரண்மனைப் பெண்மணி. எகிப்திய மொழியில் 'பிறந்தவன், மகன்' என்ற பொருளுடைய சொல்லே அதன் மூலம் என்பது இக்கால அறிஞர் பலரின் முடிபு. துத்மோஸ் என்னும் மன்னர் பெயரின் ஈற்றிலும் அச்சொல்லைக் காணலாம். புதூருக்கும் பூதபுரிக்கும் உள்ள உறவே இங்கும் இருக்கிறது.

இஸ்மாயீல் என்பதில் இத்தகைய சிக்கல் இல்லை. 'ஷாமா' என்றால் கேட்டல், 'ஏல்' என்றால் இறைவன். இறைவன் செவியேற்கிறான் என்பது பொருள். அன்னை ஹாஜரா (அலை) அவர்களின் துயரக் குரலை இறைவன் கேட்டதால் இப்பெயர் அமைந்தது என்கிறது ஆதியாகமம். இஸ்ஹாக் என்றால் 'நகைக்கிறான்'. முதுமையில் மகப்பேறு என்ற செய்தி கேட்டுப் பெற்றோர் நகைத்ததை அது குறிக்கும். யஃகூப் என்பது குதிகாலைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. இரட்டையருள் பின்னவராகத் தம் உடன்பிறந்தார் குதிகாலைப் பற்றியவாறு பிறந்தவர் என்பது அங்குள்ள செய்தி.

திருக்குர்ஆன் இவ்வாறு பெயர்க்காரணம் சொல்வதில்லை. ஆனால் பல இடங்களில், பெயர் வரும் இடத்திற்கு அருகிலேயே அதன் பொருளும் வந்து நிற்கிறது. 11:71-ஆம் வசனத்தில் இப்ராஹீம் (அலை) அவர்களின் துணைவியார் நின்றிருக்கிறார், நகைக்கிறார், உடனே இஸ்ஹாக்கைப் பற்றிய நற்செய்தி வருகிறது, இஸ்ஹாக்கிற்குப் பின்னால் யஃகூப் என்று வசனம் முடிகிறது. நகைப்பின் அருகே நகைப்பவர் பெயர். 'பின்னால்' என்னும் சொல்லின் அருகே குதிகாலின் பெயர்! 14:39-இல் இப்ராஹீம் (அலை) அவர்கள், முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்தமைக்காக இறைவனைப் புகழும்போது, அவனைப் பிரார்த்தனையைச் செவியேற்பவன் என்கிறார்கள். 'ஸமீஃ' என்னும் அச்சொல்லும் எபிரேய 'ஷாமா'வும் ஒரே வேரின.

இதனை வலிந்து கொள்ளும் பொருள் என்று ஒருவர் மறுக்கக்கூடும். மறுப்பிற்கு இடமும் உண்டு. 'ஸமீஃ' என்னும் திருப்பெயர் இறைமறையில் பலமுறை வருவது. 3:38-இல் ஸக்கரிய்யா (அலை) அவர்களும் மகப்பேறு வேண்டி இதே தொடரால் இறைவனை அழைக்கிறார்கள். அங்கே இஸ்மாயீல் என்னும் பெயர் இல்லை. எனவே இவ்விடத்தை மட்டும் சான்றாகக் காட்டினால் போதாது.

மர்யம் அத்தியாயத்தைப் பார்த்தபின் ஐயம் பெரிதும் குறைகிறது. ஸக்கரிய்யா என்றால் 'இறைவன் நினைவுகூர்ந்தான்'. அவர்களின் வரலாற்றைத் தொடங்கும் 19:2-ஆம் வசனத்தின் முதற்சொல்லே நினைவுகூர்தலைக் குறிக்கும் 'திக்ர்'. அவர்களுக்குப் பிறந்த யஹ்யா (அலை) அவர்களின் எபிரேயப் பெயர் யோஹானான். 'இறைவன் பரிவு கொண்டான்' என்பது அதன் பொருள். தமிழ்க் கிறித்தவர் 'யோவான்' என்பது இதனையே. 19:13-ஆம் வசனமோ, இறைவன் அவருக்குத் தன்னிடமிருந்து 'ஹனான்', அதாவது பரிவு, வழங்கியதாகக் கூறுகிறது. இந்த 'ஹனான்' என்னும் சொல் திருக்குர்ஆன் முழுவதிலும் இவ்வோரிடத்தில் மட்டுமே வருகிறது. யோஹானானின் பெயரில் உள்ள அதே சொல், அவர் வரலாற்றில் மட்டும் வருவதைத் தற்செயல் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. யஹ்யா என்னும் வடிவமோ அரபுச் செவிக்கு 'வாழ்கிறார்' என ஒலிக்கும். முதியவருக்கும் மலடிக்கும் பிறந்த மகவுக்கு அதுவும் பொருந்துவதே.

இப்பெயர்கள் அந்நிய மொழியின என்பதை நம் முன்னோர் மறைக்கவில்லை. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் மறைந்த அல்-ஜவாலீகீ, அரபு மொழியில் கலந்த அயற்சொற்களைத் தொகுத்த தம் நூலில், ஆதம், ஸாலிஹ், ஷுஐப், முஹம்மத் என்னும் நான்கைத் தவிர நபிமார் பெயர்கள் யாவும் அரபல்லாதவை என்று எழுதியுள்ளார். அரபுக் கல்லூரியில் இலக்கணம் பயிலும் மாணவர் இப்ராஹீம், இஸ்மாயீல், யஃகூப் ஆகியவை தன்வீன் ஏற்பதில்லை என்று கற்பதும் இந்த அந்நியத்தன்மை கருதியே. குழந்தைப் பெயர்க் கையேடுகள் சிலவோ, ஒலி ஒத்த அரபுச் சொல்லைத் தேடி எடுத்து அதையே பொருளாக அச்சிட்டுவிடுகின்றன.

இத்தகைய ஒலி ஒப்புமை இலக்கண அறிஞர்களுக்குப் புதிதன்று. அரபு மொழியில் 'யஃகூப்' என்று ஒரு சொல் உண்டு. ஆண் கௌதாரி என்பது அதன் பொருள். அச்சொல் அரபுக்கே உரியதாதலின் தன்வீன் ஏற்கும். நபியின் பெயர் ஏற்காது. இரண்டும் ஒரே எழுத்துக்களால் ஆனவை. ஆயினும் அகராதியாளர் அவற்றைக் கலந்துவிடவில்லை.