146,679: ஒரு கழித்தல் கணக்கின் விடை

ஒவ்வொரு மே மாதமும் இந்த எண்ணைக் கேட்கிறேன். பதாகைகளில், உரைகளில், முகநூலில். அநேகமாக "கொல்லப்பட்டவர்கள்" என்ற சொல்லோடுதான் அது வருகிறது. ஆனால் அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இதை ஒரு கேள்வியாகவே வைத்தார்: இத்தனை பேருக்கும் என்ன நடந்தது?

எவரும் ஆட்களை எண்ணிப் பெற்ற எண் அல்ல இது. கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. ஐ.நா. கணக்கின்படி 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679.

கழித்தல் சரியா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. இலக்கங்களை ஓரிலக்கமாகும்வரை கூட்டவேண்டும். முதலாவது எண் 29, 11, பிறகு 2. இரண்டாவது 23, பிறகு 5. விடை 33, பிறகு 6. 6உம் 5உம் 11, அதாவது 2. பொருந்துகிறது. (இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்த வழி காட்டிக்கொடுக்காது. அதனால் தாளிலும் கழித்துப் பார்த்தேன்.) காரணிப்படுத்தினால் 3 × 13 × 3,761; கடைசியில் நிற்பது ஒரு முதன்மை எண். அதனால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை.

கவனிக்கவேண்டியது கடைசி மூன்று இலக்கங்களை. ஐ.நா. நிபுணர் குழு சொன்ன 40,000 ஒரு மதிப்பீடு என்பதை அதன் பூச்சியங்களே சொல்லிவிடும். 679 என்று முடிந்தால் ஒவ்வொருவராக எண்ணியதுபோலத் தோன்றும். ஆனால் கழித்தலில் இரண்டு எண்களின் பிழைகளும் விடைக்குள் வந்துவிடும், பெருத்தும் விடும். கச்சேரி எண்ணில் நூற்றுக்கு ஒன்று பிழையென்றால் ஏறத்தாழ 4,290 பேர். விடையில் அது நூற்றுக்கு மூன்று.

இந்த மிச்சத்துக்குள் கொல்லப்பட்டவர்களும், சரணடைந்தபின் காணாமல் ஆக்கப்பட்டவர்களும், பதிவில் விடுபட்டுப் பிழைத்தவர்களும் இருக்கலாம். 2008 டிசம்பரில் பிறந்து 2009 ஏப்ரலில் இறந்த குழந்தையோ இரண்டு எண்களிலும் இல்லை. அதே டிசம்பரில் பிறந்து, உயிரோடு வெளியே வந்து, முகாமில் பதியப்பட்ட குழந்தை இரண்டாவது எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறது. அதனால் மிச்சத்தில் ஒன்று குறைகிறது. காணாமற்போன ஒருவர் கணக்கில் தெரியாமற் போகிறார். ஆகவே பிழை எண்ணைக் கூட்டிக்காட்டும் என்று மட்டும் நினைக்கக்கூடாது.

பிழையைக் காட்டி இந்த எண்ணைத் தள்ளிவிடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2009 பெப்ரவரியில் வன்னியில் எஞ்சியிருப்போர் சுமார் 70,000 என்றது அரசு. எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைத்துச் சொன்னதால் உணவும் மருந்தும் குறைந்தன என்று நிபுணர் குழு பின்னர் எழுதியது. வெளியே வந்த 282,380 பேரில், அதற்கு முன்பே வந்திருந்த சில பத்தாயிரம் பேரைக் கழித்தாலும் மீதி அந்த 70,000இன் மூன்று மடங்குக்கு மேல். இதில் இறந்தவர் ஒருவரையும் நான் சேர்க்கவில்லை.