விலையும் கூர்மையும்

பேனாக்கத்தி வாங்கச் செல்பவன் முன் இன்று இருவகைக் கத்திகள் வைக்கப்படுகின்றன. ஒன்று எளிய மாணவனும் வாங்கத்தக்கது. மற்றொன்று அதனிலும் பத்து மடங்கு விலையுடையது. இரண்டும் மடித்தாற் சட்டைப்பையில் அடங்குவன. இரண்டும் கயிற்றையும் கனியையும் அறுப்பன. அங்ஙனமாயின் இவ்விலை வேற்றுமைக்கு அடிப்படை யாது?

உருக்கு என்பது இரும்பும் காபனும் சேர்ந்த கலவை. காபன் கடினத்தைத் தரும். குரோமியம் துருவைத் தடுக்கும். மலிவான கத்திகளிற் பெரிதும் வழங்கும் சீன உருக்கு ஒன்றின் பெயர் ‘8 சீஆர் 13 எம்ஓவி’ என்பது. நூற்றுக்கு 0.8 பங்கு காபனும் 13 பங்கு குரோமியமும் அதில் உண்டென்பதை அப்பெயரே உணர்த்தும். விலையுயர்ந்த கத்திகளிற் புகழ்பெற்ற ‘எஸ் 30 வி’ உருக்கினை 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் அறிமுகஞ் செய்தது. அதிற் காபன் 1.45, குரோமியம் 14, வனேடியம் 4 பங்கு. உருகிய உலோகத்தை வாயுவினால் நுண்துகள்களாகச் சிதறடித்து, அத்துகள்களை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் ஒன்றாக்கி இவ்வுருக்கைச் செய்வர். இம்முறைக்கு ஆகும் செலவு விலையிலும் ஏறுகிறது.

இச்செலவு வீணன்று. வனேடியமும் காபனும் கூடி மிகக் கடிய மணிகளாக உருக்கினுள் அமைகின்றன. அட்டைப்பெட்டிகளை நாள்தோறும் கிழிப்பவன் கையில் மலிவான அலகு விரைவில் மழுங்கும். வனேடிய அலகோ நெடுநேரம் தாங்கும். இங்கிலாந்தின் செஃபீல்ட் நகரிலுள்ள கத்தித் தொழில் ஆராய்ச்சி நிலையம் வகுத்த சோதனையில், மணற்சத்துக் கலந்த தாளடுக்கை அலகு மீண்டும் மீண்டும் அறுக்கும். அறுத்த ஆழமே அதன் மதிப்பெண். அச்சோதனையிலும் வனேடிய உருக்கே முந்தும்.

ஆயினும் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. அலகைத் தேயாமற் காக்கும் அம்மணிகள் சாணைக்கல்லுக்கும் எளிதில் இணங்கா. சாதாரணச் சாணைகளில் உள்ள அலுமினிய ஒட்சைட்டிலும் வனேடியக் காபைட்டு கடியது. ஆதலின் அதனை நன்கு தீட்ட வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். மலிவான அலகோ சிறு கல்லொன்றிற் சில நிமிடம் தேய்த்ததும் கூர் பெறும்.

உருக்கிலும் வடிவம் பெரிது என்பதையும் மறத்தலாகாது. பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890 இல் ஜோசப் ஒப்பினெல் செய்த கத்தியை நோக்குக. மரப்பிடியும் எளிய காபன் உருக்கும் கொண்ட அக்கத்தி, இன்றும் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. அதன் அலகு மெல்லியது; அதனால் அப்பிளினுள் தடையின்றி இறங்கும். தடித்த அலகுடைய விலையுயர்ந்த கத்தியோ, எத்துணைக் கூருடையதாயினும், அப்பிளை அறுப்பதன்றிப் பிளக்கவே செய்யும். ஒப்பினெலின் காபன் அலகுக்கு ஒரு குறையுண்டு: எலுமிச்சைச் சாறு பட்டாற் கறுக்கும், ஈரத்தில் விட்டாற் துருவேறும். துடைத்து வைக்கும் பழக்கமுடையவனுக்கு அது பெருங்குறையன்று.

எனவே விலை என்பது ஒரு குணத்தின் அளவே. எல்லாக் குணங்களுக்கும் அளவன்று. நாள் முழுவதும் கரடான பொருள்களை அறுப்பவன் நல்லுருக்கிற்குப் பொருள் செலவிடுதல் தகும். பென்சில் சீவும் மாணவனும் பழம் நறுக்கும் இல்லத்தாரும் அங்ஙனஞ் செய்யவேண்டியதில்லை. தீட்டத் தெரியாதவன் கையில் உயர்ந்த உருக்கும் ஒருநாள் மழுங்கிக் கிடக்கும். தீட்ட அறிந்தவன் கையில் எளிய உருக்கும் என்றும் கூராக இருக்கும். கடையில் விலை கொடுத்துப் பெற இயலாத அப்பயிற்சியை, மலிவான கத்தியே நன்கு கற்பிக்கும்.