சிகிச்சை பாதியில் நின்றுவிடாதிருக்க

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. வளம் மிக்க நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நலம் பெறுகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வருவாய் குறைந்த நாடுகள் பலவற்றில் இந்த அளவு 30 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இதற்கு அந்நிறுவனம் சுட்டும் காரணங்களுள், நோயைத் தாமதமாகக் கண்டறிதல் ஒன்று. தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் கைவிடுதல் மற்றொன்று. இரண்டாவது காரணத்தைக் களைவதில் மருத்துவம் பயிலாத நமக்கும் பங்குண்டு.

பெற்ற பிள்ளையின் சிகிச்சையை எவரும் மனமுவந்து கைவிடுவதில்லை. குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளும். முதல் சில மாதங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கியாக வேண்டும். தந்தை நாட்கூலியை இழக்கிறார். மற்ற பிள்ளைகள் ஊரில் பாட்டியின் பொறுப்பில் விடப்படுகின்றனர். ஆயுஷ்மான் பாரத் போன்ற அரசுத் திட்டமோ ஓர் அறக்கட்டளையோ மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டாலும், அறை வாடகை, பேருந்துக் கட்டணம், பால், காய்கறி ஆகியவை குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன.

இதனிடையே, சிகிச்சை தொடங்கிய ஓரிரு மாதங்களில் காய்ச்சல் தணிந்து, முகம் தெளிந்து, குழந்தை ஓடியாடத் தொடங்குவதும் உண்டு. கடன் ஏறிக்கொண்டே போகும் வேளையில், ‘பிள்ளை தேறிவிட்டது, ஊருக்குப் போவோம்’ என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. ஆனால் உடலில் எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் மீண்டும் பெருகினால், நோயை அடக்குவது முன்னினும் கடினமாகிவிடும்.

மும்பை பரேலில் 1941-இல் தொடங்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனைக்கு உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம் எனத் தொலைதூர மாநிலங்களிலிருந்தும் குழந்தைகள் வருகின்றனர். 2009-ஆம் ஆண்டளவில் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தையின் சிகிச்சை தொடங்கப்படாமலோ பாதியிலோ நின்றுபோயிற்று. பின்னர் மருத்துவச் செலவுடன் தங்குமிடம், உணவு, கல்வி, ஆலோசனை ஆகியவற்றுக்கும் நன்கொடையாளர் துணையுடன் ஏற்பாடு செய்தனர். சில ஆண்டுகளில் அந்த அளவு 5 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது. சிறு செலவுகளைப் பிறர் தாங்கினால் பெரிய சிகிச்சை நிறைவுறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அவ்வாறு நாம் தாங்கக்கூடியவை எவை?

இருக்க இடம், உண்ண உணவு

மும்பையில் 2006-இல் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ் அமைப்பு, சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்களைக் கட்டணமின்றித் தங்கவைக்கிறது. பொதுச் சமையலறையில் தாய்மார் தத்தம் ஊர்ச் சுவைக்கேற்பச் சமைத்துக்கொள்கின்றனர். தாதரிலுள்ள சந்த் காட்கே மகாராஜ் தர்மசாலையும் புற்றுநோயாளிகளின் குடும்பங்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் இடமளிக்கிறது. இத்தகைய இல்லங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என நாம் தரும் மளிகைப் பொருள்கள் அன்றாடம் பயன்படும். உடல் மெலிந்த குழந்தைகளால் மருந்தின் கடுமையைத் தாங்க இயலாது. ஆகவே பாலுக்கும் முட்டைக்கும் தரும் சிறு தொகையும் சிகிச்சையின் பகுதியே.

பயணம்

சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசி வகுப்பிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி செய்யப்படுகிறது. உடன் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி உண்டு. மருத்துவமனை அளிக்கும் உரிய சான்று இதற்குத் தேவை. இச்சலுகையை அறியாத குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வதற்கும், படிவத்தை நிரப்பித் தருவதற்கும் நமக்கு ஆகும் செலவு அரை மணி நேரமே. ரயில் நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை ஆட்டோவுக்குத் தரும் தொகையும் அக்குடும்பத்துக்குப் பேருதவியாகும்.

குருதிக் கொடை

புற்றுநோய் மருந்துகள் இரத்தத்திலுள்ள தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. தானமாகப் பெறும் தட்டணுக்களை 5 நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. எனவே ஆண்டுக்கொரு முகாமில் பலர் கூடிக் கொடுப்பதுடன், மாதந்தோறும் சிலர் முறைவைத்துக் கொடுக்க வேண்டியுள்ளது. கல்லூரி விடுமுறையிலும் பண்டிகைக் காலத்திலும் கொடையாளர் அரிது. முழு இரத்தம் தருவோருள் ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அலுவலக நண்பர்கள் பத்துப் பேர் தம்முள் முறை வகுத்துக்கொண்டு, அருகிலுள்ள புற்றுநோய் மருத்துவமனையின் இரத்த வங்கியில் பெயர் பதிந்து வைத்தாலே போதும்.

பாடமும் விளையாட்டும்

இரண்டு ஆண்டுகள் பள்ளியை இழந்த குழந்தை, நோய் நீங்கிய பின்னும் பின்தங்கிவிடக்கூடும். வாரம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லித்தர முன்வருவோரை இல்லங்கள் வரவேற்கின்றன. தாய்மொழியில் கற்பிக்க வல்லோர் கிடைப்பது இன்னும் நன்று. வண்ணப் பென்சில், படக்கதை நூல், புதிர் அட்டை ஆகியவை சிறந்த பரிசுகள். நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளுக்குத் தூசி படியும் பஞ்சுப் பொம்மைகளையும் பூங்கொத்துகளையும் தவிர்க்கலாம்; கழுவித் துடைக்கக்கூடிய பொம்மைகளே பாதுகாப்பானவை. வெளியுணவு எதையும் மருத்துவரைக் கேளாமல் தரலாகாது. சளி, இருமல் உள்ளோர் அன்று பார்க்கச் செல்லாதிருப்பதும் ஓர் உதவியே.

கொடுக்கும் முறை

ஒருமுறை தரும் பெருந்தொகையை விட மாதந்தோறும் தவறாது வரும் 200 ரூபாயைக் கொண்டு ஓர் இல்லம் தன் செலவைத் திட்டமிட முடியும். வங்கிக் கணக்கில் நிலையான உத்தரவு அளித்துவிட்டால் அத்தொகை உரிய நாளில் தானே சென்றுசேரும். கைப்பேசியில் பரவும் உருக்கமான வேண்டுகோள்களை நம்பித் தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பும் முன், மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் விசாரித்தல் நன்று. வரிவிலக்கு நாடுவோர் ரசீது பெற வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாகத் தந்தால் அவ்விலக்கு கிடையாது. உதவி பெறும் குடும்பத்துக்குக் கணக்கு இல்லையெனில், குறைந்தபட்ச இருப்புத் தேவைப்படாத ஜன் தன் கணக்கு தொடங்க வழிகாட்டலாம்.

இவற்றுள் எதற்கும் வசதியற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. முடி உதிர்ந்த தலையுடன் ஊர் திரும்பும் குழந்தையை நம் பிள்ளைகளின் அருகில் அமரவைப்போம். அடுத்த பரிசோதனை எந்த நாளில் என்று அதன் பெற்றோரிடம் கேட்டு, அந்த நாளுக்கு முந்தைய வாரம் ஒருமுறை நினைவூட்டுவோம்.