அடுத்த அறையில் பிறந்த தொழில்கள்

தீக்குச்சியில் தொடங்கிய சிவகாசியின் கதை

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பயிர் உண்டு. பெய்யாவிட்டால்? தீப்பெட்டியும் பட்டாசும்தான் இந்த வட்டாரத்துக்குக் கஞ்சி வார்க்க வேண்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனி, புதிய சரக்கு ஒன்றைச் செய்து பார்ப்பது எப்படி? பழைய வியாபாரமும் கெடக்கூடாது. புதியதும் பிழைக்க வேண்டும். இதைக் கல்லூரிகளில் பெரிய பாடமாக நடத்துகிறார்கள். சிவகாசி வட்டாரமோ அதை அனுபவத்தில் படித்தது.

கல்கத்தா பயணம்

1922-ஆம் ஆண்டு. வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வரி உயர்ந்தது. உள்நாட்டில் செய்தால் விற்கும் என்ற நிலை வந்தது. அந்த ஆண்டில்தான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். இருவரும் உறவினர்கள். அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். 1923-ல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள்.

முதலில் ஜெர்மனி இயந்திரத்தை வரவழைத்தார்கள். கட்டுப்படி ஆகவில்லை. "இவ்வளவு பணம் போட்டாயிற்றே!" என்று இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு அவர்கள் அழவில்லை. கை வேலைக்கு மாறினார்கள். சட்டத்தில் குச்சி அடுக்குவதும், மருந்தில் தோய்ப்பதும், பெட்டி ஒட்டுவதும் ஊருக்கே வேலையாயிற்று.

படிப்படியாக...

தீக்குச்சியோடு தொழில் நிற்கவில்லை. குச்சியின் நுனியில் வேறு மருந்தைத் தோய்த்தால் வண்ண ஒளி வீசும். அது மத்தாப்புத் தீப்பெட்டி ஆயிற்று. குச்சிக்குப் பதில் கம்பியைத் தோய்த்துக் காயவைத்தால் கம்பி மத்தாப்பு! இரண்டாவது உலக யுத்தத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து தடைப்பட்டது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தன. லைசென்ஸ் பெற்றுப் பட்டாசு ஆலைகள் எழுந்தன.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதற்காக அச்சகங்கள் வந்தன. லேபிள் அச்சடித்த ஊர், பிறகு நாடு முழுவதற்கும் காலண்டரும் டைரியும் அச்சடித்துக் கொடுத்தது.

கவனித்தீர்களா? ஒவ்வொரு புதுத் தொழிலும் பழைய தொழிலின் அடுத்த அறையில் பிறந்தது. பாதி தெரிந்த வேலை. பாதிதான் புதிய வேலை. புதியது தலையெடுக்கும் வரை பழையது சோறு போட்டது.

கோடாக் செய்த தவறு

அமெரிக்காவில் கோடாக் என்ற பெரிய கம்பெனி போட்டோ பிலிம் விற்றுக் கொழித்தது. பிலிம் இல்லாமலே படம் பிடிக்கும் காமிராவை 1975-ல் அந்தக் கம்பெனியின் என்ஜினீயர் ஸ்டீவன் சாசனே செய்து காட்டினார். ஆனால் பிலிம் வியாபாரத்தை விட்டு வெளியே வரக் கம்பெனிக்கு மனம் இல்லை. மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். 2012-ல் கோடாக் திவால் மனு கொடுத்தது! பிள்ளை சொந்த வீட்டில்தான் பிறந்தது. வளர்க்கத்தான் ஆள் இல்லை.

கோர்ட்டுத் தீர்ப்பு

சிவகாசிக்கும் ஒரு சோதனை வந்தது. 2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. புகையும் ஓசையும் குறைந்த பட்டாசைத்தான் செய்யலாம், சரவெடி கூடாது, பேரியம் உப்பு சேர்க்கக்கூடாது என்று உத்தரவிட்டது. மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்கும் பழகிய மருந்தில் முக்கியச் சரக்கே பேரியம்தான். அடுத்த மாதம் ஆலைகள் கதவடைத்தன. கூலியை நம்பிய வீடுகளில் அடுப்பு எரிவது கஷ்டமாயிற்று.

நாகபுரியில் உள்ள 'நீரி' ஆராய்ச்சி நிலையம் புதிய கலவைகளை உருவாக்கியது. அவற்றில் ஒன்று வெடிக்கும்போது நீராவியை விட்டுத் தூசியை அடக்கும். தூசியில் குறைந்தது 30 சதவீதம் குறைய வேண்டும் என்பது கணக்கு. 2019-ல் பசுமைப் பட்டாசு கடைக்கு வந்தது. பழக்கமான வேலையை ஆலைகள் புதிதாகக் கற்க வேண்டி வந்தது.

செலவு யார் தலையில்?

புதுச் சரக்கு செய்ய நினைக்கும் முதலாளிகள் மூன்று காரியங்களை மறக்கக்கூடாது.

முதலாவது, சோதனைக்குத் தனி இடமும் தனி ஆளும் வேண்டும். தீபாவளி ஆர்டர் ஓடும் அறையிலேயே புது மருந்தையும் கலந்தால் இரண்டும் கெடும். கொஞ்சமாகச் செய்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, முதல் மாதமே லாபம் கேட்கக்கூடாது. நட்ட கன்றைத் தினமும் பிடுங்கி வேர் பார்த்தால் பிழைக்குமா? அதற்காக ஆண்டுக்கணக்கில் பணத்தைக் கொட்டவும் கூடாது. இத்தனை நாள், இத்தனை ரூபாய் என்று முன்பே கெடு வைக்க வேண்டும். கெடு வந்தால், ஜெர்மனி இயந்திரத்தை விட்டதுபோல் விடத் தெரிய வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். சோதனையின் செலவு கல்லாவில் விழ வேண்டும். தொழிலாளியின் உடம்பில் விழக்கூடாது. ஒரு காலத்தில் தீப்பெட்டி மலிவாகக் கிடைக்கப் பிள்ளைகளின் கைகளும் உழைத்தன. 14 வயது நிரம்பாதவர்களை இந்த வேலைகளில் அமர்த்தக்கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது. லாபம் வந்துவிட்டதால் மட்டும் ஒரு வழி நல்ல வழி ஆகிவிடாது.

அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். தீப்பிடிக்கவும் கூடும். அதை முதலில் உணர்வது, தொடும் கைதான். "அண்ணாச்சி, இந்த மருந்து சுடுதே!" என்று ஒரு பெண் சொன்னால், "பேசாமல் வேலையைப் பார்" என்று சொல்லக்கூடாது. வேலையை நிறுத்தி, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் காரணம் தேட வேண்டும்.

அன்று நின்ற வேலையை மறுநாள் செய்துகொள்ளலாம். காலையில் வேலைக்குப் போன தாய், மாலையில் வீடு திரும்ப வேண்டும். புதுத் தொழிலின் முதல் லாபம் அதுதான்!