விலைபோகாத ஓர் இசைத்தட்டு

இசையின் சிறப்பை அளந்தறிதற்குரிய கோல் யாது? விற்ற தட்டுகளின் தொகையா, அன்றிக் கேட்டோர் உள்ளத்தில் அது தங்கும் காலமா? இவ்வினா ஒருமுறை இங்கிலாந்து தேசத்து நீதிமன்றப் படியையும் ஏறிற்று. அதற்குக் காரணமாயிருந்தது ‘டாக் டாக்’ என்னும் ஆங்கில இசைக்குழுவினர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ என்னும் இசைத்தட்டாகும். ஏதேனின் ஆவி என்பது அதன் பொருள். வெளிவந்த காலத்தில் பலராலும் புறக்கணிக்கப்பட்ட அத்தட்டின் வரலாற்றையும் இயல்பையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

1980ஆம் ஆண்டையடுத்து மேனாட்டு மெல்லிசையில் சிந்தசைசர் என்னும் கருவி பெருவழக்குற்றது. மின்னலைவுகளைக் கொண்டு பலதிற ஓசைகளைப் பிறப்பிப்பது அது. ஒருவனே அதன் துணையால் பல வாத்தியக்காரர் பணியைச் செய்துவிடலாம். அதனையே முதலாகக் கொண்டு எழுந்த ஆடலுக்குகந்த பாடல்முறை ‘சிந்த் பாப்’ எனப் பெயர்பெற்றது. 1981ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் மார்க் ஹாலிஸ் என்னும் பாடகரைத் தலைவராகக் கொண்டு தோன்றிய டாக் டாக் குழுவும் இம்முறையினதே. இ.எம்.ஐ. கம்பெனியார் அவர்களை ஏற்று, அக்காலத்துப் புகழோங்கி நின்ற ‘டூரான் டூரான்’ குழுவினரைப் போலவே உலகிற்குக் காட்ட விழைந்தனர். இரண்டும் ஒரு சொல்லே இருமுறை அடுக்கி வந்த பெயர். இரண்டும் ஒரே கம்பெனியைச் சார்ந்தவை. தொடக்கத்தில் இரண்டின் தட்டுகளையும் அமைத்தவரும் ஒருவரே. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இட்ஸ் மை லைஃப்’ என்னும் தட்டு ஐரோப்பாக் கண்டத்தில் அவர்க்கு நற்பெயர் ஈட்டித்தந்தது.

ஆயினும் ஹாலிஸின் உள்ளம் அவ்வழியில் நிலைக்கவில்லை. பல வாத்தியக்காரரை அமர்த்தப் பொருளின்மையால் சிந்தசைசரைக் கைக்கொண்டவரேயன்றி, அதன்பாற் காதல் கொண்டவரல்லர் அவர். கையில் பொருள் சேர்ந்ததும் மரத்தாலும் நரம்பாலும் மனித மூச்சாலும் ஒலிக்கும் கருவிகளை நாடினார். 1986ஆம் ஆண்டின் ‘தி கலர் ஆஃப் ஸ்பிரிங்’ அம்மாறுதலைக் காட்டிற்று. அது இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் எட்டாம் இடத்தைப் பெற்றது. அகமகிழ்ந்த கம்பெனியார், அடுத்த தட்டுக்குக் காலத்தையும் பணத்தையும் தாராளமாக வழங்கினர்.

இனி, அத்தட்டு உருவான முறையை நோக்குவோம். லண்டனில் முன்னொரு காலத்துத் திருச்சபை மண்டபமாயிருந்த வெஸ்ஸெக்ஸ் ஒலிப்பதிவு நிலையத்தில், 1987 முதல் 1988 வரை அவ்வேலை நடைபெற்றது. ஹாலிஸும், அவருடன் பாடல்களை இயற்றிய டிம் ஃப்ரீஸ்-கிரீனும், ஒலிப்பதிவாளர் ஃபில் பிரௌனும் பெரும்பாலும் இருளிலேயே உழைத்தனர். பிடில் வல்லார் நைஜல் கென்னடி, பெருந்தந்தி வாசிக்கும் டானி தாம்ஸன், எக்காளம் ஊதும் ஹென்றி லௌதர் முதலிய பலர் அழைக்கப்பட்டனர். எழுதிவைத்த சுரவரிசையைக் கொடுத்து வாசிக்கச் செய்வதை விடுத்து, அவரவர் உள்ளத்தில் எழுந்தவாறு நெடுநேரம் வாசிக்கச் செய்தனர். பின்னர் அவற்றுள் பெரும்பகுதியை நீக்கி, உயிருள்ளனவாகத் தோன்றிய சில கணங்களை மட்டும் எடுத்து, எண்முறை ஒலிப்பதிவுக் கருவியின் உதவியால் உரிய இடங்களில் பதித்தனர். கேட்போர்க்கு ஒரே அறையில் பலர் கூடி அப்பொழுதே வாசித்ததுபோல் தோன்றும் அவ்விசை, உண்மையில் பல மாதங்களில் துணுக்குத் துணுக்காகக் கோக்கப்பட்டதாம். சிற்பி வேண்டாத கல்லைச் செதுக்கியெறிவது போல, இவர் வேண்டாத ஓசையைச் செதுக்கியெறிந்தனர். எஞ்சியது பாட்டும் மௌனமும்.

ஏறக்குறைய 41 நிமிடம் ஒலிக்கும் இத்தட்டில் ஆறே பாடல்கள் உள. முதற்பக்கத்து மூன்றும் இடையீடின்றி ஒன்றோடொன்று தொடர்வன. தொலைவில் கேட்கும் எக்காளமும் மெல்லென நீளும் தந்தியோசையும் தொடக்கமாக, பாடகர் குரல் எழுவதற்கு முன்னரே சில நிமிடங்கள் கழிகின்றன. மூன்றாம் பாட்டாகிய ‘டிஸையர்’ காதைத் தீட்டிக் கேட்கவேண்டிய தாழ்குரலில் தொடங்கித் திடீரெனப் பேரிரைச்சலாய் வெடித்து மீண்டும் அடங்குகின்றது. ‘ஐ பிலீவ் இன் யூ’ என்னும் பாட்டு ஹெராயின் என்னும் கொடிய போதைப்பொருள் விளைக்கும் அழிவை நினைந்து இரங்குவது. அதன்கண் செம்ஸ்ஃபோர்டு பேராலயப் பாடகர் குழுவின் குரல் மேலெழும்போது, கேட்போர் நெஞ்சம் நெகிழாதிராது. இறுதியில் நிற்பது ‘வெல்த்’. பெயரோ செல்வம், பொருளோ தன்னையே ஒப்புக்கொடுக்கும் விண்ணப்பம்.

குறையும் கூறுதல் முறையாகும். பல இடங்களில் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. இரைச்சலுள்ள இடத்தில் இதனைக் கேட்போர்க்குப் பாதி ஒன்றுமில்லாததாகவே தோன்றும். ஆடற்குரிய பாட்டை எதிர்பார்த்தோர் ஏமாற்றமடைந்ததில் வியப்பில்லை. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் இடத்தோடு இத்தட்டு நின்றது. குழுவினர் இதனை மேடையேற்றவும் இல்லை.

அப்பால் எழுந்தது வழக்கு. ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கம்பெனியார் விரும்பினர். அதனை அறிவிப்பதற்குரிய கெடு கடந்துவிட்டதென்றனர் குழுவினர். தட்டு வணிகத்திற்கேற்றதாய் அமையாமையால் அக்கெடு தொடங்கவேயில்லை என்பது கம்பெனியார் வாதம். முதலில் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டு மன்றம் அதனை மாற்றிக் குழுவினரை விடுவித்தது. அவர்கள் வேறொரு கம்பெனியின்வழி 1991இல் ‘லாஃபிங் ஸ்டாக்’ என்னும் தட்டை வெளியிட்டுக் கலைந்தனர். இதற்கிடையே 1990இல் இ.எம்.ஐ. கம்பெனியார் வெளியிட்ட பாடற்றிரட்டு மூன்றாம் இடம்வரை ஏறிற்று!

இதுகொண்டு வணிகரை மட்டும் பழித்தல் நேர்மையன்று. விலைபோன பாடல்களே விலைபோகாத இசைக்குப் பொருளுதவின. முந்திய வெற்றி இன்றேல் அந்த ஓராண்டு உழைப்புக்கு இடமேது? ஆனால், பெற்ற வெற்றியை மீண்டும் அதே வெற்றிக்கு வட்டிக்கு விடுவாரே உலகில் பலர். அதனை முழுவதும் செலவிட்டு, தாம் கேட்க விரும்பிய ஒன்றைப் படைத்தமையே ஹாலிஸின் தனிச்சிறப்பு.

காலமும் அவர்பக்கம் நின்றது. பின்னாளில் ‘போஸ்ட் ராக்’ எனப் பெயர்பெற்ற இசைமுறைக்கு இத்தட்டை ஒரு மூலமாக அறிஞர் கூறுவர். 1998இல் தம் பெயரால் ஒரு தட்டை வெளியிட்டபின் மேடையையும் புகழையும் நாடாது ஒதுங்கி வாழ்ந்த ஹாலிஸ், 2019ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தமது 64ஆம் வயதில் இறந்தார்.

ஓரேப் மலையில் நின்ற எலியா தீர்க்கதரிசிக்குப் பெருங்காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்தபின் மெல்லிய குரலொன்று கேட்டதென வேதத்தில் பயில்கிறோம். அக்குரல் முன்னரும் இருந்திருக்கலாம். கேட்பதற்கு அமைதி வேண்டியிருந்தது. அன்பர்காள்! பாடம் முடிந்து விளக்கவிந்த ஓர் இரவில் இத்தட்டை முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒலி நின்றபின்னும் கேட்பது ஒன்றுண்டு என்பதை அப்பொழுது உணர்வீர்கள்.