நகரும் மறைப்பு

திரைப்படத்தில் ஒரே நடிகர் இரு வேடம் பூண்டு, தம்மோடு தாமே உரையாடுவதைக் கண்டு நாம் வியந்திருக்கிறோம். 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றினார். அக்காலத்தில் இத்தகைய காட்சிகளுக்குப் பெரிதும் பயன்பட்ட முறை எளியது. காமிராவின் பார்வையில் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, மறுபாதியில் நடிகரைப் படம் பிடிப்பர். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபுறம் மாற்றி, அவரையே வேறு உடையில் நடிக்கச் செய்வர்.

இம்முறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நடுக்கோட்டை எவரும் கடத்தலாகாது. கடந்தால் நீட்டிய கை அறுபட்டது போல் மறைந்துவிடும். நடிகர் அசைகின்றார், அட்டையோ அசைவதில்லை. அவரோடு கூடவே அசையும் மறைப்பு ஒன்று வேண்டும் என்ற தேவை இவ்வாறு எழுந்தது. அமெரிக்கரான ஃபிராங்க் வில்லியம்ஸ் 1918-ஆம் ஆண்டில் இதற்கான ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். நடிப்பவரின் உருவத்திலிருந்தே கரிய நிழலுரு ஒன்றைப் பிலிமில் உண்டாக்கி, அதனையே மறைப்பாகக் கொள்வது அம்முறையின் சாரம்.

புணேயில் வாழும் நமக்குத் தந்திரக் காட்சிகள் அயலானவை அல்ல. 1933-ஆம் ஆண்டில் கோலாப்பூரிலிருந்து இந்நகருக்கு வந்த பிரபாத் நிலையம், 'சந்த் துக்காராம்' (1936), 'சந்த் ஞானேஷ்வர்' (1940) ஆகிய படங்களில் தெய்விக அற்புதங்களைத் திரையில் நிகழ்த்திக் காட்டியது. அந்நிலையம் இருந்த இடத்தில்தான் 1960-ஆம் ஆண்டில் திரைப்படப் பயிற்சிக் கழகம் நிறுவப்பெற்றது. அன்று பெரிய ஸ்டூடியோவுக்கே உரியதாயிருந்த வித்தையை, இன்று வீட்டுக் கம்ப்யூட்டரில், 'கேடென்லைவ்' போன்ற இலவச மென்பொருள் கொண்டே நாம் செய்துவிடலாம்.

ஓர் உதாரணம் கொள்வோம். புணேயில் மொட்டை மாடியில் நடனமாடும் நம் சிறுமி, தஞ்சைப் பெரிய கோயில் முற்றத்தில் ஆடுவதாகக் காட்ட விரும்புகிறோம். கோயிற் படத்தைக் கீழடுக்கிலும் சிறுமியின் படத்தை மேலடுக்கிலும் வைக்கவேண்டும். மேலடுக்கு கீழடுக்கை முற்றும் மூடிவிடும். சிறுமியைச் சுற்றி ஒரு கோடு வரைந்து, அதற்கு வெளியே உள்ளதை மறைத்தால் கோயில் தோன்றும். இக்கோடே மறைப்பின் எல்லை.

ஒரு நொடிக்கு 25 பிரேம்கள் எனில், பத்து நொடி நடனத்தில் 250 பிரேம்கள் உண்டு. அத்தனையிலும் கோடு வரைய வேண்டுவதில்லை. அசைவு திசை மாறும் இடங்களில் மட்டும், அதாவது பாதம் தரையைத் தொடும்போதும், கை உச்சிக்கு உயரும்போதும், கோட்டைத் திருத்தி அமைத்தால் இடைப்பட்டவற்றைக் கம்ப்யூட்டரே கணித்து நிரப்பும். பிழை தெரியும் இடத்தில் மேலும் ஒரு திருத்தம் சேர்க்கலாம். தலை, உடல், கைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி மறைப்புகள் வரைவது வேலையை எளிதாக்கும்.

விளிம்பைச் சற்றே மென்மையாக்குதல் வேண்டும். இல்லையேல் உருவம் கத்தரித்து ஒட்டியது போல் இருக்கும். கோயிலில் வெயில் இடப்புறமிருந்து விழுமாயின், மாடியிலும் அவ்வாறே ஒளி விழும் நேரத்தில் படம் பிடிக்கவேண்டும். இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே, பாதத்தின் கீழ் மங்கிய நிழல் ஒன்றையும் அமைக்கவேண்டும். நிழல் இல்லாத உருவம் தரையில் நில்லாது, அந்தரத்தில் மிதப்பதாகவே தோன்றும்.

இறுதியாக ஒன்று. வேலை நேர்த்தியாக அமையுமளவுக்கு அது மெய்யென்றே நம்பப்படும். ஊரிலிருக்கும் பாட்டி அப்படத்தைக் கண்டு, "தஞ்சாவூர் வரை வந்தவர்கள் என்னைப் பார்க்காமலே போய்விட்டார்களே!" என்று மனம் நோகக்கூடும். ஆதலின், இது இரு படங்களைச் சேர்த்து அமைத்தது என்ற ஒரு வரியைப் படத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடுவோம். அதனால் சிறுமியின் நடனத்துக்கு எந்தக் குறைவும் நேராது. விடுமுறையில் அவளை மெய்யாகவே அங்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணமும் நமக்கு எழும்.